சிபியுவுக்குள் ஒட்டியிருந்த பேட்டரி

அன்புள்ள உங்களுக்கு,

பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு எழுதுகிறேன். மனசு இன்னும் நிலைக்கு வரவில்லை. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நேர்ந்த பேரிடர் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு கணினிகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பழசுதான் என்று சொல்லி அனுப்பினீர்கள். திறந்து பார்த்தால் விசிறியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி, விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ், தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகை என்று எல்லாம் தயாராக இருந்தன.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஒரு பேட்டரிக்காக. ஒவ்வொரு சிபியுவின் உள்பக்கத்திலும் ஒரு சிஆர்2032 பேட்டரியை (கரண்ட் போனாலும் கணினியின் கடிகாரத்தை ஓட வைக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி) டேப் போட்டு ஒட்டி, ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தீர்கள்: "அங்க கரண்ட் போய்ப் போய் வரும்னு கேள்விப்பட்டேன். போர்டுல புது பேட்டரி போட்டிருக்கேன். இது தீர்ந்தா மாத்திக்க."

படித்ததும் அழுதுவிட்டேன். அதற்கு முன் வேறோர் இடத்திலிருந்து எங்களுக்கு இரண்டு கணினிகள் வந்திருந்தன. இரண்டிலும் அந்த பேட்டரி செத்திருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் 2010 ஜனவரிக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால், தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தடுத்துவிடும். நிவாரண விண்ணப்பப் பக்கம் திறக்காது. எங்களுக்கு அது தெரியவில்லை. நெட் சரியில்லை என்று நினைத்து, வரிசையில் நின்றவர்களை இரண்டு நாள் திருப்பி அனுப்பினோம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "பரவாயில்லக்கா, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குரல் என்னை விடவே இல்லை.

20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். அந்த 2032 சொல்வதே இந்த அளவைத்தான். அத்தனூண்டு பொருளை நினைத்து வைத்த உங்களுக்கு எங்கள் கஷ்டம் எப்படித் தெரிந்தது?

கணினிகளைக் கொடுத்தவர்கள், பழைய தகவல்களை அழித்துச் சுத்தமாக்கியவர்கள், ஏற்றி இறக்கியவர்கள், யுபிஎஸ் தந்தவர்கள், ஒயரிங் செய்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த அண்ணன், எல்லோருக்கும் கைகூப்பிய நன்றி.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு, பாதுகாப்பு அப்டேட்கள் உள்பட, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதைக் காரணம் காட்டி நன்றாக ஓடுகிற எத்தனையோ கணினிகளை ஓரம்கட்டுவார்கள். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். லினக்ஸ் போட்டால் அது ஒரு பிள்ளையின் படிப்புக்கு ஆகும், ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்துக்கு ஆகும். நாங்கள் நிமிர்ந்ததும் எங்களால் ஆனதைத் திரட்டி அடுத்தவர்களுக்கு அனுப்புவோம். பேட்டரியை மாற்றாமல் ஒன்றுகூட வெளியே போகாது.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஒப்புகை எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள்.

நீங்கள் வைத்ததில் இரண்டு பேட்டரிகளை, முதலில் வந்த அந்த இரண்டு கணினிகளுக்கும் போட்டுவிட்டோம். மீதி பத்தும் மேசை டிராயரில் இருக்கின்றன, உங்கள் சீட்டோடு.