கார்ட்டரை மறக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையம் பிறந்த கதையைச் சொல்பவர்கள் 1969-இல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் என்ற கணினி வலையமைப்பில் தொடங்கி, விஞ்ஞானிகளை மட்டுமே கொண்டாடுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஒரு தீர்ப்பை ஏனோ யாரும் பேசுவதில்லை.

அன்று அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் வைத்ததுதான் சட்டம். வீட்டிலிருக்கும் தொலைபேசிகூட நிறுவனத்தின் சொத்து. வெளியார் கருவி எதையும் இணைக்கக் கூடாது. பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமலிருக்க ரிசீவரில் மாட்டும் ஒரு குவளையைக்கூட எதிர்த்தார்கள். 1956-இல் நீதிமன்றத்தில் அந்த எதிர்ப்பு எடுபடவில்லை. டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டரின் கருவி, வயர்லெஸ்ஸில் பேசுபவரைத் தொலைபேசியோடு சேர்த்துவைத்தது. ரிசீவரை அதன்மேல் வைத்தால் போதும், கம்பியைத் தொடவே வேண்டாம். அதற்கும் தடை! கார்ட்டர் விடவில்லை. 1968-இல் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அந்தத் தடை செல்லாது என்றது.

பிறகும் நிறுவனம், வெளியார் கருவிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு காப்புக் கருவி வேண்டும் என்று சில ஆண்டுகள் இழுத்தடித்தது. ஆனாலும் பிற நிறுவனங்களின் மோடம்கள் (கணினித் தகவலைத் தொலைபேசி வழியே அனுப்பும் கருவிகள்) தொலைபேசிக் கம்பியில் நேரடியாக ஏற அந்தத் தீர்ப்புதான் வழிவிட்டது. உங்கள் அறிவியல் பக்கத்தில் கார்ட்டரைப் பற்றி ஒரு கட்டுரை அவசியம் வர வேண்டும்.

வாசகர்,
திருச்சி