பளபளப்பு இருக்கட்டும், மரையைப் பாருங்கள்

திருவள்ளூரிலும் சென்னையிலும் ராஜமுந்திரியிலும் எபனைட் (கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்) பேனா கடைந்து தரும் பட்டறைக்காரர்களுக்கு வணக்கம்.

வாங்குகிறவர்கள் சொல்லும் குறைகளில் பாதி கண்ணுக்கு மட்டும் தெரிகிறவை. மூடியின் உட்புறத்தில் கடைசல் கோடு, மூடியின் வரியும் உடலின் வரியும் ஒன்றோடொன்று சேராதது, படத்தில் பார்த்த நிறத்துக்கும் கையில் வந்ததற்கும் சிறு வித்தியாசம். இவற்றுக்காகப் பேனாவைத் திருப்பி அனுப்புவது அநியாயம் என்றே நினைக்கிறோம். வரி எபனைட்டில் ஒரு தடி போல இன்னொரு தடி வராது. வெயிலும் ஈரமும் பட்டால் கருப்பு எபனைட்டும் நாளடைவில் பழுப்பேறும். அதிலுள்ள கந்தகத்தின் குணம் அது. விற்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

எங்கள் வழக்கு வேறு. இந்தக் கண் குறைகளுக்குப் பயந்து நீங்கள் கூடுதலாக பஃபிங் (துணிச் சக்கரத்தில் மெருகேற்றுவது) போடுகிறீர்கள். சக்கரம் மரையின் முனையைத் தேய்த்து வட்டமாக்குகிறது, மூடி ஆடத் தொடங்குகிறது. பாலிஷ் மெழுகு, விரல் பிடிக்கும் கழுத்துக்குள்ளும், நிப்புக்கு அடியிலிருந்து மை கொண்டுவரும் கட்டையின் வாய்க்காலிலும் தங்கிவிடுகிறது. மெழுகு ஒட்டிய இடத்தில் மை பரவாது. புதுப் பேனா நான்கு வரி எழுதி வறண்டுபோக இதுவும் பல நேரம் காரணம்; பழி மட்டும் நிப்பின் மேல் விழுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, கழுத்தை அலசி, வெறும் தண்ணீரில் மறுபடி அலசினால் தீரும். இதைப் பட்டறையிலேயே செய்யக்கூடாதா?

அடுத்தது நிப்பும் கட்டையும். இரண்டையும் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியக்கூடாது. தெரிந்தால், எபனைட் கட்டை என்றால், கொதி அடங்கிய வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, நிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்து ஆறவிட வேண்டும். பிளாஸ்டிக் கட்டைக்கு இந்த வைத்தியம் எளிதில் பலிக்காது, மாற்றுவதே மேல். பத்து மடங்கு லென்ஸில் நிப்பின் இரு முனையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று தூக்கியிருந்தால் ஒரு பக்கம் இழுக்கும்போது தாளைக் கீறும்.

உடலுக்குள் நேராக மை ஊற்றும் பேனாவில் கொள்ளளவைக் காட்டுவதற்காகச் சுவரை மெல்லியதாகக் குடைகிறார்கள். மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் உள்ளே காற்று மிகுதி; கைச்சூட்டில் அது விரிந்து மையைத் தள்ளுகிறது, தாளில் பொட்டென்று ஒரு துளி விழுகிறது. எபனைட் சூட்டை எளிதில் கடத்தாது. சுவர் இரண்டு மில்லிமீட்டராவது இருந்தால் அந்தக் குணம் உதவும். அரை மில்லி மை குறைந்தால் யாரும் அழமாட்டார்கள்.

ஒழுகலைச் சோதிக்க நிறத்தண்ணீர் ஊற்றி, மரையில் சிலிகான் கிரீஸ் தடவி முடுக்கி, மெல்லிய காகிதத்தின் மேல் ஓர் இரவு படுக்கவையுங்கள். மூடிக்கு இன்னும் எளிது: திறந்த வாயை உதட்டில் வைத்து ஊதுங்கள். காற்று போனால் கிளிப் பொருத்திய இடத்தில் சந்து இருக்கிறது, அந்தப் பேனாவின் நிப் மேசையில் கிடந்தே காயும். கிளிப் கொஞ்சம் லூஸாக இருப்பது பெரிய குற்றமில்லை, இது குற்றம்.

கடைசியாக ஒரு சீட்டு. பெட்டிக்குள் பேனாவோடு வையுங்கள்: நிப்பின் அளவு எண் ஐந்தா ஆறா, கட்டை எபனைட்டா பிளாஸ்டிக்கா, நிப் அழுத்திச் செருகியதா, நிப்பும் கட்டையும் ஒன்றாக மரையோடு கழலும் யூனிட்டா. யூனிட் என்றால் அது யோவோவா பாக்கா (இரண்டும் ஜெர்மன் நிப் நிறுவனங்கள்) என்பதும் வேண்டும். இரண்டும் ஆறாம் எண் என்றாலும் ஒன்றின் மரை மற்றதற்குச் சேராது. தெரியாமல் முடுக்கிக் கழுத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் உங்களிடம்தான் வந்து நிற்கப்போகிறார்கள்.

இப்படிக்கு,
மைப்பேனாவில் எழுதுகிறவர்கள்