முதல் பாடம் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணைய நிரலாக்கம் கற்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழ் இடம் ஒதுக்குவது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. எனினும், வலைப்பக்கங்களை உருவாக்க உதவும் ரியாக்ட் போன்ற கருவிகளிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் வழக்கம் இன்று எங்கும் பரவியிருப்பதால், தொடக்கநிலையினருக்குக் கற்பித்து வருபவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன்.

உலாவியில் ஒரு முகவரியை உள்ளிட்டதும் என்ன நடக்கிறது என்பதே முதல் பாடமாக இருக்க வேண்டும். அந்த முகவரியிலுள்ள பெயருக்குரிய ஐ.பி. எண்ணை, அதாவது இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்ணை, டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவேடு தேடித் தருகிறது, அந்த எண்ணில் இருக்கும் சர்வரிடம் (பக்கங்களை வைத்திருந்து வழங்கும் கணினியிடம்) உலாவி பக்கத்தைக் கேட்கிறது, சர்வர் 200 என்று விடையளித்தால் பக்கம் கிடைத்தது, 404 என்றால் கேட்டது அங்கே இல்லை, 500 என்றால் சர்வரிலேயே கோளாறு. இதை அறியாததால், சரியாக இருக்கும் நிரலையே நாள் முழுவதும் திருத்தி மனம் தளர்ந்தவர்களைக் கண்டிருக்கிறேன். எடுத்துக்காட்டாக, சொந்தக் கணினியில் தெரிந்த படம் சர்வரில் ஏற்றியபின் தெரியாமல் போவதற்கு, கோப்பின் பெயரில் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்தாக மாறியிருப்பதே பல நேரங்களில் காரணம். லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் சர்வர்கள் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே கொள்கின்றன.

அடுத்ததாக, நோட்பேடில் கையாலேயே, வலைப்பக்கங்களுக்கான குறிமொழியாகிய எச்.டி.எம்.எல்.லில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் உலகுக்குத் திறந்துவிட்ட வலையின் பக்கங்கள் இப்படிப்பட்ட எளிய குறிகளால் ஆனவையே. தலைப்பு, பத்தி, இணைப்பு ஆகியவற்றுக்கான குறிகள் இன்றும் அவையே.

பக்கத்தை இயங்கச் செய்யும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதன் பிறகு வரலாம். அதிலும் நம் மொழியிலிருந்தே எடுத்துக்காட்டுகள் வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கிறது. மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்தா என்று மாணவர் திகைக்கிறார். ‘மி’ என்பதை மகரமும் இகரக் குறியுமாகவும், ‘ழ்’ என்பதை ழகரமும் புள்ளியுமாகவும், எழுத்துகளுக்கு எண் தரும் பன்னாட்டு முறையான யூனிகோடு சேமித்து வைக்கிறது. மெய்யோடு அகரம் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்பது நம் இலக்கணம். யூனிகோடிலோ உயிர்மெய்யின் மீது புள்ளியிட்டால்தான் மெய் கிடைக்கிறது. இதை ஒருமுறை விளக்கிவிட்டால், எழுத்துகளைச் சரியாக எண்ண இன்டல் செக்மென்டர் என்னும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் ஏன் சேர்க்கப்பட்டது என்பதும் தானே விளங்கும்.

இந்த வரிசையில், கருவிகள் எதையும் நிறுவாமல் உலாவியையும் நோட்பேடையும் மட்டும் கொண்டு பயிலத்தக்க ஒரு வாராந்தரத் தொடரைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்