முதல் தொடுகையின் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மெல்பேர்ன் வாசகர் ஒருவரின் கடிதம் படித்தேன். அவுஸ்திரேலியாவின் ஏ-லீக் உதைபந்தாட்டம் இங்கிலாந்தின் ஐந்தாம் பிரிவுக்கும் காணாது என்றும், நல்ல ஆட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர் விடியப்புறம் அலாரம் வைத்து எழும்பி பிரீமியர் லீக் பார்க்க வேண்டியதுதான் என்றும் எழுதியிருந்தார். நானும் அலாரம் வைத்து எழும்புகிற ஆள்தான். சிட்னியில் பஸ் ஓட்டுகிறேன். விடியற்கால வேலைக்குப் போகிற நாட்களில் ஒரு பாதியையாவது பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்குவேன். ஆனால் 2012 இல் பரமட்டாவின் வெஸ்டர்ன் சிட்னி வொண்டரர்ஸ் என்ற ஏ-லீக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து அதன் ஆட்டங்களுக்குப் பருவகால ரிக்கெட்டும் வைத்திருக்கிறேன். அதனால் அந்தக் கடிதத்தைச் சும்மா விட்டுவிட மனம் வரவில்லை.

எனக்குக் கிடைக்கும் இருக்கை எப்போதும் தாழ்வான இடத்தில், கோட்டிலிருந்து மூன்றாவது நான்காவது வரிசையில். அங்கிருந்து ஆட்டத்தின் முழு வடிவமும் தெரியாது. எல்லாரும் ஒருவர் மேல் ஒருவராகத் தெரிவார்கள். ஆனால் மேலே இருக்கிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கும். பந்தின் சத்தம். உயர வருகிற பந்தை ஒருவர் காலால் நிறுத்தும்போது 'பொத்' என்று கேட்டால், பந்து இரண்டு முழம் தள்ளிப் போய்விட்டது என்று பார்க்காமலே சொல்லலாம். அவர் அதை எட்டிப் பிடிப்பதற்குள் எதிராளி வந்து நிற்பார்.

ஜப்பானிய வீரர் ஷின்ஜி ஓனோ எங்கள் கழகத்துக்கு முதல் இரண்டு பருவமும் விளையாடினார். 2002 இல் நெதர்லாந்தின் ஃபெயெனூர்ட் அணியோடு, ஐரோப்பியக் கழகங்களுக்கான யூஏஃபா கிண்ணம் வென்றவர். பரமட்டாவுக்கு வரும்போது முப்பதைத் தாண்டிவிட்டார், ஓட்டம் குறைந்துவிட்டது. ஆனால் அவர் காலில் சத்தமே வராது. ஈரத் துணி மேல் விழுந்த மாதிரி பந்து இறங்கும், இறங்கிய இடத்திலேயே நிற்கும். 2013 அரையிறுதியில் பிரிஸ்பேன் றோர் அணியின் கோல் காப்பாளர் தலைக்கு மேலால் மெல்லத் தூக்கி ஒரு கோல் போட்டார். அந்தப் பந்து வலைக்குள் விழும் வரைக்கும் எங்கள் வரிசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஓனோவைப் பார்த்த பிறகு மற்றவர்களின் 'பொத்' இன்னும் பலமாகக் கேட்கத் தொடங்கியது. ஏ-லீக்கின் உண்மையான குறை இதுதான் என்பது என் கணிப்பு. வருகிற பந்தைக் காலில் வாங்கி நிறுத்துகிற அந்த முதல் தொடுகை சரியில்லாதபடியால் நடுக்களத்தில் பந்து கை மாறிக்கொண்டே இருக்கும், நாலு பாஸ் சேர்ந்து வரும் ஆட்டம் ஐந்தாவதில் அறுந்துபோகும். இந்த இடத்தில் மெல்பேர்ன் அன்பரோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அவர் சொன்ன குறை வேறு. 'வேகமே இல்லை' என்கிறார். அவர் தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கிறவர் என்று அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிட்டது.

என் தங்கையின் மகனுக்கு 16 வயது. ஆர்சனல் ஜேர்சியோடு தூங்குகிற பெடியன். அவனும் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். போன பருவத்தில் ஒரு நாள் இழுத்துக்கொண்டு போய் என் பக்கத்தில் இருத்தினேன். முதல் இருபது நிமிடம் தொலைபேசியைத்தான் பார்த்தான். பிறகு எங்களுக்கு நேரே முன்னால், விளம்பரப் பலகைக்கு ஒரு பாகம் தள்ளி, இரண்டு பேர் ஒரு பந்துக்காக முட்டிக்கொண்டார்கள். தோளும் தோளும் இடித்தது, சப்பாத்து புல்லைக் கிழித்தது, இரண்டும் எங்களுக்குக் கேட்டது. பெடியன் தொலைபேசியைப் பொக்கற்றில் போட்டுவிட்டான். பின்களத்தில் நின்றவர் தொண்ணூறு நிமிடமும் வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்ததையும் அவன்தான் எனக்குக் காட்டினான். "யாரும் இப்படிக் கத்துறதை ரிவியில கேட்டதே இல்லை மாமா." திரும்பி வரும்போது காருக்குள் தீர்ப்புச் சொன்னான்: "மெதுவா எண்டு சொன்னது பிழை. ஆனா பாஸ் சரியில்லை." இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் இதுவரை வாசிக்கவில்லை.

தொலைக்காட்சி ஏன் ஏமாற்றுகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பிரீமியர் லீக் ஆட்டத்துக்குத் திரும்புகிற பக்கமெல்லாம் கமெரா, நிரம்பி வழிகிற கூட்டம். இங்கே 30,000 பேர் இருக்கக்கூடிய மைதானத்துக்குள் 10,000 பேர் வந்தால் அது வெறும் மைதானம் போலத் தெரியும். 10,000 பேரை ஒரு சின்ன மைதானத்துக்குள் அடைத்துக் காட்டியிருந்தால் அதே ஆட்டம் வேறு ஆட்டமாகத் தெரிந்திருக்கும். அப்புறம் பருவம் ஒக்டோபரில் தொடங்கி மே வரை போகிறது. ஜனவரி வெயிலில் நடுவர் தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்துகிற நாளில் மான்செஸ்டர் மழையில் ஓடுகிற ஓட்டத்தை எதிர்பார்ப்பது நியாயமா? பேர்த்திலிருந்து வெலிங்டனுக்கு 5,000 கிலோமீற்றருக்கு மேல். உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றுக்காக அவ்வளவு தூரம் பறந்துபோய் விளையாடுகிறார்கள். லண்டன் கழகங்கள் தங்களுக்குள் ஆடுவதற்குப் பஸ்ஸிலேயே போய் வரலாம் (பஸ் ஓட்டுகிறவனுக்கு இது கண்ணில் படாமல் போகாது).

சரி, இங்கிலாந்தின் எத்தனையாவது பிரிவு? எந்த விருந்துக்குப் போனாலும் யாராவது கேட்கிற கேள்வி. இதற்கு விடை சொல்லவே கூடாது என்பது என் கட்சி. ஏ-லீக் அணிகள் இங்கிலாந்து அணிகளோடு போட்டிக்காக மோதுவதே இல்லை. ஜூலை மாதத்தில் செல்சியும் லிவர்பூலும் வந்து ஆடிவிட்டுப் போவது கண்காட்சி. 2013 இல் லிவர்பூல் மெல்பேர்ன் விக்டரியை 2-0 என்று வென்றபோது மெல்பேர்ன் கிரிக்கெற் மைதானத்தில் 95,000 பேர் இருந்தார்கள். அந்த எண்ணிக்கை ஆட்டத்தின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எங்களுக்கான அளவுகோல் ஆசியா. 2006 இலிருந்து அவுஸ்திரேலியா ஆசியக் கூட்டமைப்பில்தான் இருக்கிறது. 2008 இல் அடிலெய்ட் யுனைற்றட், ஆசியக் கழகங்களின் முதல்தரப் போட்டியான ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிக்குப் போய், ஜப்பானின் காம்பா ஒசாகாவிடம் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 5-0 என்று தோற்றது. அன்றைக்கு எங்களுக்கும் ஜப்பானுக்கும் இருந்த தூரம் அவ்வளவு. ஆறு வருடம் கழித்து, பிறந்து இரண்டு வயதேயான எங்கள் வொண்டரர்ஸ் சவூதியின் அல் ஹிலாலைப் பரமட்டாவில் 1-0 என்று வென்றது. மாற்று வீரராக இறங்கிய டோமி யூரிச் போட்ட கோல். ஒரு வாரம் கழித்து ரியாத்தில் 0-0. அன்று விடியப்புறம் என் வீட்டு வரவேற்பறையில் எட்டுப் பேர் இருந்தோம்; கோல் காப்பாளர் அன்டே கோவிச் ஒவ்வொரு பந்தாகத் தடுக்கத் தடுக்க, பக்கத்து வீட்டுக்காரர் எழும்பி வந்து கதவைத் தட்டினார். திட்டத்தான் வந்தார், கடைசிப் பத்து நிமிடம் எங்களோடு இருந்து பார்த்துவிட்டுப் போனார். ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வென்ற ஒரே அவுஸ்திரேலியக் கழகம் என்று இதை எங்கே போனாலும் சொல்லுவேன்.

சொல்லும்போது கூடவே சொல்ல மறக்கிற ஒன்றும் உண்டு. ஆசியாவை வென்ற அந்தப் பருவத்திலேயே, உள்ளூர் லீக்கில் வொண்டரர்ஸ் பத்து அணிகளில் ஒன்பதாவதாக முடித்தது. ஒரு கிண்ணத்தை வைத்து ஒரு லீக்கை உயர்த்திப் பேசுவதும் ஒரு தோல்வியை வைத்துத் தாழ்த்திப் பேசுவதும் ஒரே பிழைதான். 2024 இல் இன்னொரு ஏ-லீக் கழகமான சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸ், ஆசியக் கழகங்களின் அடுத்த தரப் போட்டியான ஏஎஃப்சி கிண்ணத்தை வென்றது. வழியில் இந்தியாவின் ஒடிசா அணியை 4-0 என்று தோற்கடித்தது. அடுத்த வருடம் சிட்னி எஃப்சி, ஆசியாவின் இரண்டாம் தரப் போட்டியின் அரையிறுதியில் சிங்கப்பூரின் லயன் சிற்றி செயிலர்ஸிடம் தோற்றது. சிங்கப்பூரிடம்! அந்த வாரம் நான் வேலைத்தலத்தில் உதைபந்தாட்டம் பற்றிக் கதைக்கவே இல்லை.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் கீழே, பணத்தைக் கொட்டுகிற சவூதிக்கும் நன்றாகக் கீழே, ஆசியாவின் நடுத்தட்டில் எங்கோ இருக்கிறோம். ஐந்தாம் பிரிவும் இல்லை, பெருமை பேசுகிற இடமும் இல்லை.

மெல்பேர்ன் அன்பர் ஒரு கணம் கட்டாரை நினைத்துப் பார்க்க வேண்டும். 2022 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்காகப் பிரான்சுக்கு எதிராக முதல் கோல் போட்ட கிரெய்க் குட்வின் அப்போது அடிலெய்ட் யுனைற்றட் வீரர். டென்மார்க்கை வீட்டுக்கு அனுப்பிய கோலைப் போட்ட மத்தியூ லெக்கி அப்போது மெல்பேர்ன் சிற்றி வீரர். அன்பரின் சொந்த ஊர்க் கழகம்! ஆர்ஜென்டினாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் ஆட்டத்தைச் சமன் செய்யப் பார்த்த கராங் குவோல், மரினர்ஸில் ஆடிக்கொண்டிருந்த 18 வயதுப் பெடியன். ஆர்ஜென்டினாவின் கோல் காப்பாளர் எமிலியானோ மார்டினெஸ் அந்தப் பந்தைத் தடுக்காமல் விட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

வெளிநாட்டில் யார் எங்களிடமிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தும் ஓரளவு அளக்கலாம், ஆனால் கவனமாக. நெஸ்டரி இரன்குண்டாவை அடிலெய்டிலிருந்து பயர்ன் மூனிக் வாங்கியது என்றால் அது திறமைக்கான விலை. ஜேசன் கமிங்ஸ், டிமிட்ரி பெட்ராடோஸ், லீக்கின் வரலாற்றிலேயே அதிக கோல் போட்ட ஜேமி மக்லாரன், மூன்று பேரும் கொல்கத்தாவின் மோகன் பகான் போனார்கள். அதனால் இந்திய லீக் எங்களைவிட மேல் என்று ஆகிவிடாது. இங்கே அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு இருக்கிறது, அங்கே கூடுதலாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். யுசெயின் போல்ட் 2018 இல் மரினர்ஸில் பயிற்சிக்கு வந்தபோது 'இது ஒரு லீக்கா' என்று சிரித்தவர்கள் பலர். சிரித்தவர்கள் முடிவையும் பார்த்திருக்கலாம். உலகத்திலேயே வேகமான மனிதன், ஒரு பயிற்சி ஆட்டத்தில் இரண்டு கோலும் போட்டவன், ஒப்பந்தம் இல்லாமலே திரும்பிப் போனான்.

லீக்கை நடத்துகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கடைசியாக வந்தாலும் கீழ்ப் பிரிவுக்கு இறங்குகிற பயம் ஒரு அணிக்கும் இல்லை. இறுதிச்சுற்றுக்குப் போகிற முதல் ஆறு இடத்துக்கு வாய்ப்பில்லாமல் போன கழகத்தின் மார்ச் மாத ஆட்டத்துக்கு வந்து பாருங்கள், வீரர்களின் கால்களே சொல்லும். கீழே ஆட்கள் இல்லாமலும் இல்லை. 2022 இல் சிட்னி யுனைற்றட் 58 என்ற மாநில லீக் கழகம் அவுஸ்திரேலியக் கிண்ண இறுதிவரை வந்தது (அந்த இறுதியாட்டத்தில் அதன் ஆதரவாளர் சிலர் செய்த கேவலம் வேறு கதை). அப்படிப்பட்ட கழகங்களுக்கு மேலே ஏற ஒரு படியைக் கட்டிவிட்டு, பிறகு தரம் பற்றிக் கதைக்கலாம்.

மெல்பேர்ன் அன்பர் சிட்னிப் பக்கம் வந்தால் என் பக்கத்து இருக்கைக்கு நான் ரிக்கெட் எடுத்துத் தருகிறேன். எந்தக் கழகத்து ஜேர்சி போட்டுக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. மேளம் அடிக்கிற ஆட்கள் நிற்கிற வடக்குப் பக்கத்தில் மட்டும் இடம் கேட்க வேண்டாம். அங்கே பந்தின் சத்தம் கேட்காது.

இப்படிக்கு,
ஒரு பஸ் சாரதி,
துங்காபி, சிட்னி