மாடி அறை முதலில்

அம்மாப்பேட்டை, சேலம்
ஆவணி, செவ்வாய்க்கிழமை

கண்ணு சுமதிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். போனில் கூப்பிட்டால் "மீட்டிங் இருக்கிறது, ராத்திரி பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். ராத்திரி பேசுவதில்லை. வாட்ஸப்பில் நாலு வரி எழுதினால் பதிலுக்குக் கட்டை விரல் படம் ஒன்று வருகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

விஷயம் வீட்டு மராமத்து. நீ அனுப்பிய 3 லட்சம் வந்து சேர்ந்தது. "அம்மாவுக்கு முதலில் சமையலறையைச் செய்யுங்கள்" என்று அப்பாவுக்கு எழுதியிருந்தாயாம். தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்று எதிர்வீட்டு அக்கா வாய்விட்டே சொன்னார். அவருடைய மகன் தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி அனுப்புவதோடு சரி.

பாங்கில் பாஸ்புக்கைப் பதிந்து வாங்கி வந்தேன். பணம் உன் பெயரில் இருக்கிற தனிக் கணக்கிலிருந்து வந்திருக்கிறது. இத்தனை நாளும் மாப்பிள்ளை கணக்கிலிருந்துதான் வரும். நெசவாளர் சங்கத்தில் பேரேடு எழுதியே தலை நரைத்தவள் கண்ணில் இது படாமல் இருக்குமா? பட்டது, அவ்வளவுதான். எந்தக் கணக்கில் வந்தால் என்ன, பணம் பணம்தான்.

எந்த அறையை முதலில் எடுப்பது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. உன் அப்பா தறிக்கூடத்தில் பிடிவாதமாக நிற்கிறார். தாத்தா வெண்பட்டு நெய்த தறிக்குழியை மூடியபோது இடித்த சுவர் மண்ணையும் ஓட்டுச் சில்லையும் அள்ளிக் கொட்டி, மேலே சிவப்பு ரெட் ஆக்சைடு பூசிவிட்டார்கள். அடுக்கடுக்காக மண் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கியிருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. குழி இருந்த சதுரம் மட்டும் இப்போது விரல் அளவு இறங்கி, சுற்றிலும் கீறல் விட்டிருக்கிறது. அப்பா அந்தச் சதுரத்துக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு "இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்" என்கிறார். அவருக்கு அது அவர் அப்பா உட்கார்ந்த இடம், நான் என்ன பேசுவது? ஆனால் தரை இறங்கினால் வீடு விழுந்துவிடாது. சுவருக்கு அஸ்திவாரம் தனி.

பொன்னம்மாபேட்டை அத்தை வந்து, "முட்டி வலிக்காரனை வைத்துக்கொண்டு பின்கட்டுக் கழிப்பறையை அப்படியே விட்டு வைத்திருக்கிறாயே" என்று என்னைக் கரித்துவிட்டுப் போனார். அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. மருந்துக் கடையில் கம்மோட் நாற்காலி வாங்கிப் போட்டு, சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பியும் பதிக்கச் சொன்னேன். ஒரே நாளில் முடிந்தது. அதற்காக எதையும் இடிக்க வேண்டியதில்லை.

சமையலறையை நானே வேண்டாம் என்கிறேன். கடப்பா கல் மேடை இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும். கீழே இருந்த மர அலமாரியைத்தான் கரையான் தின்றது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு எவர்சில்வர் டிரம் இரண்டை வைத்துவிட்டேன். நீ அனுப்பிய படத்தில் இருக்கிற சமையலறையில் அம்மிக்கல்லுக்கு இடமில்லை, தாளிக்கிற புகைக்கும் இடமில்லை. அங்கே யாரும் சமைப்பதாகவே தெரியவில்லை. நீயாவது வேளைக்குச் சமைத்துச் சாப்பிடுகிறாயா? ராத்திரியில் வெறும் பிஸ்கெட் தின்றுவிட்டுப் படுக்காதே.

கடைசியில் மேஸ்திரிதான் வழக்கைத் தீர்த்தார். "எந்த அறை என்று அப்புறம் பாருங்கள், முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்" என்றார். மொட்டைமாடித் தட்டோடுகளுக்கு இடையில் இருந்த சாந்து அரித்துப் போய்விட்டது. மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கிக் கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். மாடி அறையில் தென்மேற்கு மூலையில் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டுகிறது. அங்கே பெயிண்ட் அடிப்பதும் ஒன்றுதான், பணத்தைத் திருமணிமுத்தாற்றில் விடுவதும் ஒன்றுதான். உதிர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டுமாம். மேலே தட்டோடு இணைப்பு முழுவதையும் சுரண்டிப் புதிதாக அடைக்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் மழை விடாது. இப்போதே சாயங்காலத்தில் சேர்வராயன் மலைமேல் கருக்கல் கட்டுகிறது. ஆகவே புரட்டாசிக்குள் முடித்தாக வேண்டும்.

தளம் ஒழுகுகிற இடம் மாடி அறை. அதனால் அதைத்தான் முதலில் எடுத்திருக்கிறோம். வேறு காரணம் எதுவும் இல்லை.

போன மாதம் நீ போனில் கேட்டாய்: மாடியில் சிக்னல் கிடைக்குமா, ஜன்னல் ஓரம் பெரிய மேசை கொள்ளுமா, தெருப்பக்கம் இருக்கிற வெளிப்படிக் கதவுக்கு நல்ல பூட்டு இருக்கிறதா என்று. "சும்மாதான் கேட்டேன்" என்றாய். நீ எப்போது சும்மா கேட்டிருக்கிறாய்? பள்ளிக்கூடத்தில் சுற்றுலாவுக்கு ஏற்காடு கூட்டிப் போகிறார்கள் என்பதைச் சொல்லவே ஒரு வாரம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் நீ. சிக்னல் நன்றாக வருகிறது. மேசை கொள்ளும். பூட்டு புதிதாக வாங்கியாயிற்று, சாவி மூன்று. ஒன்று உனக்கு.

மாடியில் குளியலறையும் கழிப்பறையும் சேர்த்தே கட்டச் சொல்லிவிட்டேன். தளத்தில் பள்ளம் விட்டுக் கட்டாததால் குழாய் போக வழியில்லை, தரையை முக்கால் அடி உயர்த்த வேண்டும் என்றார் மேஸ்திரி. அப்புறம் அவரே யோசித்து, கழிவுநீர் சுவர் வழியாகப் போகிற மாதிரியான வெஸ்டர்ன் வைத்தால் ஒரு படி உயரம் போதும் என்றார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் நீர்க்காப்புப் பூச்சு அடித்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்துக் கீழே கசிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சோதனை முடியாமல் ஒரு டைல்ஸ்கூட ஒட்டக்கூடாது. ஏ.சி.க்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுக்கிறார்கள். ஏ.சி. யாருக்கு என்று உன் அப்பா கேட்டார். வருகிறவர்களுக்கு என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவருக்கும் கண் இருக்கிறது.

பெங்களூரு என்ன சீமையா? ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் இறங்கினால் சேலம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு வருகிறோம் என்றாய். பிறகு வருகிறேன் என்றாய். பிறகு அதுவும் இல்லை. பொங்கலுக்கும் மாப்பிள்ளைக்கு வேலை, தீபாவளிக்கும் மாப்பிள்ளைக்கு வேலை. சம்பந்தி அம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுவார், இப்போது பேசுவதில்லை. நானும் கூப்பிடவில்லை. அவருக்கு உடம்புக்கு என்னவோ. நம் பக்கம் யாரிடமும் நான் எதுவும் பேசவில்லை. அத்தை கேட்டதற்கு மாடி அறையை வாடகைக்கு விடப் போகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் சான்றிதழ், பாஸ்போர்ட், நகை எல்லாம் உன் கைவசம் இருக்கட்டும். எதற்கும் சொல்கிறேன். நகைக்குக் கடை ரசீது எல்லாம் இங்கே டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, உருப்படி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

நான் கோபித்துக்கொண்டு ஆத்தூருக்குப் போன கதை உனக்குத் தெரியும். தறிச் சத்தம் தாங்காமல் ஓடிப் போனேன், சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன் என்று உன் அப்பா சொல்லச் சொல்ல நீயும் தம்பியும் உருண்டு சிரிப்பீர்கள். தறிச் சத்தத்துக்காக யாராவது போவார்களா? போன காரணம் எனக்கும் உன் செத்துப்போன அப்பாயிக்கும் தெரியும். சாயங்காலமே ஏன் திரும்பினேன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நான் படுத்து வளர்ந்த அறையில் அந்த வருஷத்து மஞ்சள் மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். என் அம்மா, உன் அம்மாயி, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், பூ வைத்தாள். திண்ணையில் பாய் விரிக்கட்டுமா என்று கேட்டாள். கல்யாணம் ஆன பெண் தெருப்பார்க்கத் திண்ணையில் படுத்தால் ஊர் என்ன கேட்கும்? பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு உன் அப்பாவோடு நன்றாகத்தான் வாழ்ந்தேன். அது வேறு. அவர் நல்ல மனிதர் என்பது எனக்கு வாய்த்தது. மூட்டைகள் அங்கே இருந்தது இருந்ததுதான்.

நம் மாடி அறையில் இருந்த பழைய தறி நாடா, பாவுக் கட்டை, அப்பாவின் உடைந்த சைக்கிள் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டேன். சைக்கிளுக்காக அவர் ஒரு நாள் பேசவில்லை.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. எலக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டிக்கொண்டிருக்கிறார். கட்டிலுக்கு ஒரு பக்கம் மட்டும் சுவிட்ச் போதுமா, இரண்டு பக்கமும் டூ-வே சுவிட்ச் வைக்கவா என்று கேட்கிறார். பூச்சு முடிந்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் சுவரை மறுபடியும் கிழிக்க வேண்டும். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒன்று என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு. காரணம் எழுத வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு பக்கமும் வைத்துவிடுவேன். இருப்பதால் நஷ்டமில்லை, ஒன்றை உபயோகிக்காமல் விட்டாலும் சுவருக்கு ஒன்றும் ஆகாது.

பூச்சு வேலை திங்கட்கிழமை ஆரம்பம். பூசிய சுவர் காய்ந்து பெயிண்ட் அடிக்க ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். ஆனால் பெயிண்ட் இல்லாத அறையில் ஆள் படுக்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. கட்டில் வந்துவிட்டது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: ஜன்னல் கம்பிக்குப் பச்சை பெயிண்ட்தான் அடிப்பேன் என்று அப்பா அரை லிட்டர் டப்பா வாங்கி வந்துவிட்டார். கண் கொண்டு பார்க்க முடியாத பச்சை. நான் சொல்லிக் கேட்கவில்லை. நீ சொன்னால் மாற்றுவார். கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரைக்கும் திருப்பி எடுத்துக்கொள்வாராம்.