தைல மரத்தின் தாய்வீட்டிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

டிவியில் காட்டுத்தீயைப் பார்த்த அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று தம்பி சொன்னான். எங்கள் பக்கம் இப்போது தீ இல்லை. முதலில் இதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நம் புதுக்கோட்டையில் வரிசையாக நிற்கிறதே தைல மரம், அதன் தாய்வீடு இந்த ஆஸ்திரேலியாதான். சிட்னிக்கு மேற்கே நான் இருக்கும் புளூ மவுண்டன்ஸ் மலைக்காடு முழுக்க அதன் சொந்தபந்தங்கள். இலையில் எண்ணெய், அடியில் மட்காத சருகு. நேற்று கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் இரண்டு வாளி சருகு அள்ளினேன். அதில் ஒரு பட்டை, முழ நீளம், சுருட்டுப் போலச் சுருண்டிருந்தது. கையில் வைத்தால் கனமே தெரியவில்லை. இதில் நெருப்புப் பிடித்துக் காற்று தூக்கினால் பல கிலோமீட்டர் தாண்டி விழுந்து புதுத் தீ மூட்டும். வீடுகள் பெரும்பாலும் இப்படிப் பறந்து வரும் பொறியில்தான் பற்றுகின்றன. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் பற்றிய காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அன்று மாலை காற்று திசை மாறியதும், தீயின் நீண்ட பக்கவாட்டு விளிம்பு முழுவதும் முன்னேறும் முகப்பாகிவிட்டது.

மேட்டில் ஏறும்போது தீக்கு வேகம் கூடும். ஒவ்வொரு பத்து டிகிரி சரிவுக்கும் வேகம் இரட்டிப்பாகும் என்கிறார்கள். நாங்கள் மலை உச்சியில் குடியிருக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

2019 அக்டோபரில் இங்கே வடக்கே ஒரு மின்னல் விழுந்தது. பல வருட வறட்சியில் காய்ந்த காடு. அந்த ஒரு தீ 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. பிப்ரவரி மழைதான் கடைசியில் காப்பாற்றியது.

ஆனால் அப்பா, அந்தக் காட்டுக்குள் போனேன். அடிமரம் இன்னும் கரி. தொட்டால் விரல் கறுக்கிறது. அந்தக் கரியைப் பிளந்துகொண்டுதான் முன்பு தளிர் விட்டதாம். இன்று அவை கிளைகளாகிவிட்டன. பேங்க்சியா என்றொரு செடி, அதன் காய் பல வகைகளில் தீ பட்டால்தான் வாய் திறந்து விதை உதிர்க்கும். பூர்வகுடி மக்கள் இதையெல்லாம் அறிந்து, குளிர்ந்த நாட்களில் சிறு தீயாக வைத்துச் சருகை மட்டும் எரித்து வந்தார்கள். அந்த வழக்கம் பல இடங்களில் தடுக்கப்பட்டது பெரிய இழப்பு. இப்போது மறுபடி அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்கிறார்கள்.

பாஸ்போர்ட், இரண்டு செட் துணி, தண்ணீர் கேன் எல்லாம் காரிலேயே இருக்கின்றன. வெளியேறச் சொன்னால் உடனே கிளம்பிவிடுவேன். அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்