அந்தச் சாவியை யார் வாங்கி வைப்பது?

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. என் முழங்கால்தான் படி ஏற மறுக்கிறது, மற்றபடி நலம். ஓய்வு பெற்ற பிறகும் ஆஸ்பத்திரியை முழுசாக விடவில்லை. புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு அவ்வப்போது வகுப்பு எடுக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷமாக அண்ணன் என்று கூப்பிடுகிற மனுஷர் காலை ஷிஃப்டுக்கு வாடையோடு வருகிறார், சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ரேக்கில் இடித்துவிட்டார். "குடித்திருக்கிறார் என்று எனக்கு எப்படி உறுதியாகத் தெரியும்? தப்பாகச் சொல்லி அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது?" என்று எழுதியிருந்தாய். மாலதி, அதை நீ உறுதி செய்யவே வேண்டாம். அதைச் சொல்ல டாக்டர் இருக்கிறார், ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது. இன்றைக்கு இருக்கிற நிலையில் இவர் அந்த வண்டியில் ஏறலாமா என்று மட்டும் பார். அதற்கு உன் கண் போதும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் குடிபோதை மாதிரியே தெரிகிற நோய்கள் நிறைய. சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கினால் வியர்க்கும், நாக்கு குழறும், நடை தள்ளாடும், காரணமே இல்லாமல் கோபம் வரும். சர்க்கரை ரொம்ப ஏறி, உடம்பு கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் சேர்ந்துவிட்டால் மூச்சில் பழ வாடை வீசும், அதைச் சாராய வாடை என்று நினைத்துவிடுகிறார்கள். பக்கவாதத்தின் ஆரம்பம், தலையில் பட்ட அடி, வலிப்பு வந்து ஓய்ந்த நேரம், சில மாத்திரைகள் எல்லாமே இப்படி ஏமாற்றும். எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் ஒருநாள் காலை உளறிக்கொண்டே சரிந்து உட்கார்ந்தார். "ஏத்திக்கிட்டு வந்திருக்கான், தூங்கட்டும்" என்று ஓரமாகப் படுக்க வைத்துவிட்டார்கள். ஒரு சின்னப் பெண், அப்போதுதான் சேர்ந்த நர்ஸ், சந்தேகப்பட்டு விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஆள் பிழைத்திருப்பாரா என்பதே சந்தேகம். "தூங்கட்டும்" என்ற அந்த ஒரு வார்த்தையை வகுப்பில் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்.

அவர் அடிக்கடி இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கிறார் என்று வேறு எழுதியிருக்கிறாய். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கையின் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று 1997லேயே ஆய்வு வந்திருக்கிறது. ஆக குடியோ, நோயோ, தூக்கமோ, எதுவாக இருந்தாலும் முதலில் அவர் வண்டியை விட்டு இறங்க வேண்டும்.

குடிதான் என்றால்கூட அவர் வேலை நேரத்தில் குடிக்காமல் இருக்கலாம். உடம்பு மதுவை மெதுவாகத்தான் வெளியேற்றும், சராசரியாக மணிக்கு 0.015 சதவீதம். நள்ளிரவில் 0.15 இருந்தவருக்கு, காலை 6 மணிக்கும் 0.06 மிச்சம் இருக்கும். காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. "ராத்திரி குடித்தேன், தூங்கி எழுந்துவிட்டேன், இப்போது தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்று அவர் சத்தியம் செய்தால், மனசார நம்பித்தான் செய்கிறார்.

பார்த்ததை எழுதி வை. "போதையில் இருந்தார்" என்று எழுதாதே, அது உன் முடிவு. "காலை 6.20. வண்டி வலது பக்க ரேக்கில் இடித்தது. இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கத் தடுமாறினார். கேட்டதையே மறுபடி கேட்க வேண்டியிருந்தது." இப்படி நேரம், கண்ணால் பார்த்தது, கூட இருந்து பார்த்தவர் பெயர், அவ்வளவு போதும். அன்றைக்கே, அந்த நிமிஷமே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொல். அடுத்த வாரம் போய்ச் சொன்னால் யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை போடாதே. அப்புறம் முக்கியமாக, வண்டியிலிருந்து இறக்கிய கையோடு "வீட்டுக்குப் போங்கள்" என்று பைக் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதைவிட மோசம் எதுவும் இல்லை. யாராவது கூடப் போக வேண்டும். நாக்கு குழறினாலோ ஆள் சரிந்தாலோ வீட்டுக்கு வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கு.

அவர் பங்கு வேலையை நீங்களே முடித்துக் கொடுத்து மூடி மறைக்கிறீர்கள் என்ற வரிதான் எனக்கு ரொம்ப வலித்தது. நான் மாற்றலாகிப் போன ஒரு வார்டில் இப்படி ஒருத்தி இருந்தாள். நல்ல நர்ஸ். அவள் சார்ட்டை ஒருத்தி எழுதுவாள், அவள் ராத்திரி டியூட்டியை இன்னொருத்தி பார்ப்பாள், எல்லாமே பாசத்தில். அந்தப் பாசத்தால்தான் அவளுடைய குடி வருஷக்கணக்கில் வெளியே தெரியாமலே வளர்ந்தது. ஒருநாள் ஊசி மருந்தின் அளவு மாறி, கடைசி நொடியில் ஒருத்தர் கையைப் பிடித்துத் தடுத்தார். அதற்குப் பிறகுதான் சிகிச்சைக்குப் போனாள். திரும்பி வந்து நன்றாகவே வேலை செய்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உன் அண்ணனுக்கும் அது நடக்கக்கூடியதுதான்.

அவரிடம் பேசினால் தெளிவாக இருக்கும் நேரத்தில், தனியாக, வேலையைப் பற்றி மட்டும் பேசு. "அண்ணா, அன்றைக்கு ரேக்கில் இடித்தபோது பயந்துவிட்டேன். உங்களுக்கு உடம்பு என்ன செய்கிறது?" என்று கேள். மறுப்பார், கோபப்படக்கூடும். அதற்காக நீ பாட்டிலைப் பற்றி வாதாடப் போகாதே.

ஒன்றே ஒன்று ஜாக்கிரதை. "இன்றையிலிருந்து தொடவே கூடாது" என்று சத்தியம் வாங்கிவிடாதே. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996லேயே ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது. குடிப் பிரச்சினையை மற்ற உடல்நலப் பிரச்சினை போலவே நடத்த வேண்டும், விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. அது சட்டமில்லை, கம்பெனியைக் கட்டாயப்படுத்தாது. அதனால் சிகிச்சைக்கு லீவு உண்டா, தானாக வந்து சொல்கிறவருக்கு என்ன ஏற்பாடு என்று அவர் பெயரைச் சொல்லாமல் ஹெச்.ஆர்.-இல் முதலில் விசாரித்துவிடு. அவர் வீட்டம்மாவிடம் பேச முடியுமா என்றும் பார். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் இருக்கிறது, அவர்களுக்கும் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே.

உன் சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்று நீ எழுதவே இல்லை. சொன்னதைக் கேட்பவரா, கத்துபவரா? கத்துபவர் என்றால் பாதுகாப்பு அதிகாரியிடம் நேரே போகலாமா என்று யோசிக்க வேண்டும். கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, போன் பண்ணு. ராத்திரி 10 மணி வரை விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
சரோஜா